இல்லாத நிலாவைக் கணினியில் வைத்துப் பார்ப்பது

வணக்கம் ஐயா,

சூரியனல்லாத வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் நிலாக்கள் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். கல்லடிக் கடற்கரையில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிறிய தொலைநோக்கியில் வியாழனின் நான்கு நிலாக்களைக் காட்டியிருக்கிறேன். கண்ணால் கண்டதால் நம்பினார்கள். தாங்கள் சொல்லும் நிலாக்களை எவரும் கண்டதில்லை. கணினியில் தாமே ஒரு நிலாவை உருவாக்கிவிட்டு, அது வானில் இருக்கிறது என்று சொல்வது என்ன ஆய்வு? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

– ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

அன்பின் ஆசிரியைக்கு,

கணினியில் உருவாக்கிய நிலாவை எவரும் சான்றாக முன்வைப்பதில்லை. சான்றைத் தேடுவது விண்மீனின் ஒளியில்தான். சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றை வியாழனளவு கோள் கடக்கும்போது ஒளி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். பூமியளவு கோளென்றால் அதிலும் நூறில் ஒரு பங்குதான். கோளுடன் நிலா ஒன்றும் வருமானால், ஒளி நேரத்துடன் கூடிக் குறைவதைக் காட்டும் வரைபில் கோளின் பள்ளத்துக்குச் சற்று முன்னரோ பின்னரோ இன்னொரு மெல்லிய பள்ளம் விழும். நிலாவின் ஈர்ப்பால் கோளும் அசைவதால், கடப்பு குறித்த நேரத்துக்கு முந்தியோ பிந்தியோ நிகழும். ஒவ்வொரு கடப்பிலும் நிலா வேறோர் இடத்தில் நிற்கும் என்பதால், எந்த அளவு நிலா எந்தத் தொலைவில் சுற்றினால் வரைபு எப்படியிருக்கும் என்பதைக் கணினியில் ஆயிரக்கணக்கில் கணித்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் இப்படிக் கணினியில் ஆக்கிப் பார்க்கும் பாவனையாக்கத்தின் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. கெப்லர்-1625பி என்ற கோளை 2017 ஒக்டோபரில் ஹபிள் தொலைநோக்கி சுமார் 40 மணித்தியாலங்கள் நோக்கியது. கடப்பு எதிர்பார்த்ததற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முந்தி நிகழ்ந்தது. பின்னால் சிறு பள்ளமும் தெரிந்தது. நெப்தியூன் அளவு நிலா இருக்கக்கூடும் என்று வானியலாளர்களான அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் 2018இல் எழுதினார்கள். அதே ஹபிள் தரவை 2019இல் மீளாய்ந்த லாரா கிரைட்பெர்க் குழுவினருக்கு அந்தப் பள்ளம் கிடைக்கவில்லை. ஒரே தரவிலிருந்து இரண்டு விடைகள் வந்தால் யாரை நம்புவது?

2023 டிசம்பரில் ரெனே ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேயும் இதற்கு நேரான சோதனையொன்றை வெளியிட்டார்கள். நிலாவே இல்லாத கோளின் வரைபுகளைக் கணினியில் ஆக்கி, உண்மைத் தரவில் உள்ளது போன்ற இரைச்சலையும், அதாவது அளவீட்டில் தற்செயலாக எழும் சிறு ஏற்ற இறக்கங்களையும், கலந்து, தேடும் நிரலிடம் கொடுத்தார்கள். அவற்றுள் சிலவற்றில் நிரல் நிலாவைக் ‘கண்டுபிடித்தது’. விண்மீனின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலாயிருப்பதைக் கணக்கில் சற்று மாற்றி எடுத்தாலே முடிவு மாறியது. கெப்லர்-1625பி, நிலா இருக்கலாம் எனச் சொல்லப்பட்ட இன்னொரு கோளான கெப்லர்-1708பி இரண்டிலும் பெரிய நிலாக்கள் இருக்க வாய்ப்புக் குறைவு என்பது அவர்கள் முடிவு. கிப்பிங் தரப்பு இதை ஏற்காமல் மறுப்பு எழுதியிருக்கிறது. ஆகவே உறுதிசெய்யப்பட்ட புறநிலா இன்றுவரை ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அவர்கள் கல்லடியில் பார்த்தவற்றுள் பெரியதான கனிமீட்டின் விட்டம் 5,268 கிலோமீற்றர். பூமியின் பாதிகூட இல்லை. அத்தகைய நிலா, இக்கோள்களைக் கண்டறிந்த கெப்லர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் இரைச்சலுக்குள் புதைந்துபோகும்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் தாயக்கட்டையை உருட்டி, விழும் எண்களை வரைபுத்தாளில் வரிசையாகக் குறிக்கட்டும். பாதிப் பேர் மட்டும் தாம் விரும்பிய ஓரிடத்தில் தொடர்ந்து சில புள்ளிகளை ஒவ்வோர் எண் கீழே இறக்கிக் குறிக்கட்டும். பிறகு தாள்களைக் கலந்து கொடுத்துப் பள்ளத்தைத் தேடச் சொல்லுங்கள். பள்ளமே இல்லாத தாள்களில் எத்தனை பேர் பள்ளம் கண்டார்கள் என்பதைக் கரும்பலகையில் தனியே எழுதுங்கள்.