கால்வாய்க் கரையில் 6 மைல்: மவுண்டன் பைக்கா, ஹைப்ரிடா?

கேள்வி: லீட்ஸ் பக்கம் ரோட்லியில் குடும்பத்தோடு இருக்கிறேன். அலுவலகம் நகர மையத்தில். போக 6 மைல், வர 6 மைல். பெரும்பகுதி கால்வாய்க் கரைப் பாதை. பஸ்ஸை விட்டுவிட்டு வாரத்தில் நான்கு நாள் சைக்கிளில் போக ஆசை. சனி, ஞாயிறில் பிள்ளைகளோடு காட்டுப் பக்கமும் போகவேண்டும். கையில் 600 பவுண்டு இருக்கிறது. "இந்த ஊர் மழைக்கும் மேட்டுக்கும் மவுண்டன் பைக்தான்" என்கிறார் நண்பர். கடையில் ஹைப்ரிட் என்றார்கள். டிரெக், ஸ்பெஷலைஸ்ட், ஜயண்ட், போர்ட்மேன், கரேரா என்று பெயர்களைப் பார்த்துக் குழம்பிவிட்டேன். எந்த பிராண்டை வாங்கலாம்?

பதில்: உங்களுக்கு ஹைப்ரிட்தான்; அதாவது சாலை சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் இடைப்பட்ட வண்டி. ஆனால் எந்த ஹைப்ரிட் என்பதில் மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பக்கம் சஸ்பென்ஷன் (குலுக்கலை வாங்கும் வில்) வேண்டாம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (திரவ அழுத்தத்தில், சக்கர மையத்தில் உள்ள தட்டைப் பிடிப்பது) வேண்டும். 40 மி.மீ. அகல டயரும் அதன்மேல் முழு மட்கார்டும் உரசாமல் உட்கார இடம் வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால், நீங்கள் எழுதிய ஐந்து பெயர்களில் எது ஃபிரேமில் இருந்தாலும் உங்கள் பயணம் நன்றாகவே இருக்கும்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இங்கே மழையும் மேடும்தான் சைக்கிளைச் சோதிப்பவை. ஆனால் மேட்டுக்கு வேண்டியது குறைந்த கியரும் குறைந்த எடையும். மழைக்கு வேண்டியது நல்ல பிரேக்கும் மட்கார்டும். மவுண்டன் பைக் கல், வேர், திடீர் பள்ளம் ஆகியவற்றுக்காகப் பிறந்த வண்டி. லீட்ஸிலிருந்து ஷிப்லி வரை கால்வாய்க் கரை இப்போது பெரும்பாலும் இறுகிய தளம். மதகுகளுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கல் பாவிய ஏற்றம் வரும். அதற்காக 12 மைலும் தடித்த முள் டயரை இழுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. தார்ச் சாலையில் அந்த டயர் போடும் இரைச்சலே, உங்கள் கால்பலம் எங்கே வீணாகிறது என்று சொல்லிவிடும்.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். நான் இங்கிலாந்தில் முதலில் வாங்கிய ஹைப்ரிடில் ரிம் பிரேக்தான் (சக்கர வளையத்தையே இருபக்கமும் பிடிப்பது) இருந்தது. விலை குறைவு, வண்டியும் லேசு, சந்தோஷமாக ஓட்டினேன். கால்வாய்க் கரையின் ஈர மணல் ரிம்மில் ஒட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உப்புத்தாள் போலத் தேய்க்கும். இரண்டு குளிர்காலத்தில் ரிம்மின் பக்கச் சுவர் குழி விழுந்து மெலிந்துவிட்டது. சக்கரத்தையே மாற்றவேண்டி வந்தது. டிஸ்க் பிரேக்கில் தேய்வது பேடும் தட்டும் மட்டும், ரிம் தப்பிவிடும். மழையிலும் பிடித்தவுடன் பிடிக்கும். கேபிளில் இயங்கும் டிஸ்க்கும் உண்டு. அது கேபிளுக்குள் தண்ணீரும் மண்ணும் போய் இறுகும், பேட் தேயத் தேயக் கையால் சரிசெய்யவும் வேண்டும். ஹைட்ராலிக்கில் அந்த வேலை இல்லை. வாரம் நான்கு நாள் ஓட்டுகிறவருக்கு இது ஆடம்பரம் அல்ல.

அடுத்தது சஸ்பென்ஷன். கடையில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அழுத்திக் காட்டுவார்கள். மெத்தென்று இறங்கும்போது மனம் மயங்கும். உங்கள் விலையில் வருவது பெரும்பாலும் இரும்புச் சுருள்வில் வைத்த ஃபோர்க். சாதாரண ஃபோர்க்கைவிட ஒன்றரை கிலோவாவது கூடும். ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் உங்கள் பலத்தில் கொஞ்சம் அந்த வில்லை அமுக்கவே போய்விடும். குளிர்காலச் சாலையில் போடும் உப்பும் சேறும் அதன் சீலுக்குள் புகுந்தால் சில வருடத்தில் இறுகிப்போகும். பிறகு எடை மட்டும்தான் மிச்சம். உடம்பு குலுங்காமல் இருக்க அகலமான டயரில் காற்றை அளவாக வைத்தாலே போதும். அந்தப் பணத்தில் நல்ல கியரும் பிரேக்கும் கிடைக்கும்.

டயரில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஹைப்ரிடின் 700சி சக்கரமும் மவுண்டன் பைக்கின் 29 அங்குலச் சக்கரமும் ரிம் அளவில் ஒன்றுதான், 622 மி.மீ. மாறுவது டயரின் தடிமன். எனவே ஃபிரேமில் இடம் இருந்தால் ஹைப்ரிடிலேயே கோடையில் மெல்லிய டயர், குளிர்காலத்தில் தடித்த டயர் என்று மாற்றிக்கொள்ளலாம். பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயராகப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் வேலிச் செடிகளை வெட்டும்போது ஹாதார்ன் முள் பாதை முழுக்கச் சிதறிக் கிடக்கும். சாதாரண டயரை அது லகுவாகத் துளைத்துவிடும். மழையில் நின்று டியூப் மாற்றியவர்களுக்குத்தான் அந்தப் பட்டையின் அருமை தெரியும்.

சரி, பிராண்டுக்கு வருவோம்.

நம் ஊர் வீடுகளில் தாத்தா காலத்து ராலி சைக்கிளை இன்னும் பெருமையாகச் சொல்வோம். அது நாட்டிங்ஹாமில் 1880-களில் தொடங்கிய கம்பெனி. ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் பர்மிங்ஹாம் பெயர்கள். அப்போது பெயர் என்றால் ஒரு தொழிற்சாலை, அந்தத் தொழிற்சாலையின் இரும்பு. இன்று அப்படி இல்லை. பெரும்பாலான ஃபிரேம்கள் தைவானிலும் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உருவாகின்றன. ஜயண்ட் ஒரு தைவான் கம்பெனி. தன் பெயரில் மட்டுமல்ல, மற்ற பிராண்டுகளுக்கும் செய்து கொடுத்து வளர்ந்தது. தைவானின் இன்னொரு பெரிய தொழிற்சாலையான மெரிடா, 2001-இல் அமெரிக்க ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியில் பங்கு வாங்கியது. கியரும் செயினும் எந்த வண்டியிலும் அநேகமாக ஜப்பானின் ஷிமானோ அல்லது அமெரிக்காவின் ஸ்ராம். போர்ட்மேன், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிறிஸ் போர்ட்மேனின் பெயரில் வந்தது. இப்போது ஹால்ஃபோர்ட்ஸ் கடைக்குச் சொந்தம். இங்கே விற்கும் கரேராவும் அதே ஹால்ஃபோர்ட்ஸின் சொந்தப் பெயர்தான். கரேரா என்ற இத்தாலிய சைக்கிள் பிராண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆகவே பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் நீங்கள் உண்மையில் வாங்குவது ஃபிரேமின் வடிவமைப்பு, உத்தரவாதம், அப்புறம் பக்கத்தில் இருக்கும் கடையின் கவனிப்பு. டிரெக், ஸ்பெஷலைஸ்ட், ஜயண்ட் மூன்றிலும் ஃபிரேமும் உத்தரவாதமும் நன்றாக இருக்கும். ஆனால் அதே விலைக்கு உதிரிபாகம் ஒரு படி குறைவாக இருப்பது வழக்கம். போர்ட்மேனில் பாகங்கள் ஒரு படி மேலே கிடைக்கும்; ஹால்ஃபோர்ட்ஸ் நேரடியாக விற்பதே காரணம். ஆனால் பாகங்களைச் சேர்த்து வண்டியைப் பூட்டித் தருபவரின் கைப்பழக்கம் கிளைக்குக் கிளை மாறும். எடுக்கும்போது இரண்டு சக்கரமும் ஆட்டமில்லாமல் சுற்றுகிறதா, எல்லாக் கியரும் விழுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். கரேரா உங்கள் பட்ஜெட்டுக்குக் கீழே இருக்கும் நல்ல உழைப்பாளி, எடை கூடுதல். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் போர்ட்மேன் ஹைப்ரிடையும் டிரெக் எஃப்எக்ஸையும் ஓட்டிப் பார்ப்பேன். அப்புறம் ஸ்பெஷலைஸ்ட் சைரஸ், ஜயண்ட் எஸ்கேப். ரிட்ஜ்பேக் என்ற பிரிட்டிஷ் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அலுவலகம் போய்வருகிறவர்களை மனதில் வைத்தே வண்டி செய்பவர்கள்.

எண்களில் ஏமாறவேண்டாம். டிரெக்கிலும் ஸ்பெஷலைஸ்டிலும் எண் கூடினால் வண்டி உசத்தி: எஃப்எக்ஸ் 1-ஐவிட 3 மேல். ஜயண்டில் தலைகீழ்: எஸ்கேப் 3-ஐவிட 1 மேல். இது தெரியாமல் மலிவு மாடலை உயர்ந்தது என்று நினைத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் கேளுங்கள்: பின் சக்கரத்துப் பற்சக்கரத் தொகுதி, சக்கர மையத்தில் செருகும் கேசட்டா, பழைய திருகு ஃப்ரீவீலா? ஃப்ரீவீலில் பின் அச்சுக்குப் பக்கத்தாங்கல் குறைவு; கனமான ஆளும் பையும் ஏறினால் அச்சு வளையும், முறியும். கேசட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போவதற்கு இந்த வண்டி போதுமா என்பது நியாயமான சந்தேகம். சால்டேர் வரை கால்வாய்க் கரையில் லீட்ஸிலிருந்து சுமார் 13 மைல். அதற்கு ஹைப்ரிட் தாராளம். டால்பி காடு போன்ற இடங்களில் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்திருப்பார்கள். பச்சை என்றால் அகலமான காட்டுச் சாலை. நீங்கள் தாராளமாகப் போகலாம். சிவப்புக்கு மவுண்டன் பைக் இல்லாமல் போகாதீர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் அந்த ஆசை என்றால் அங்கேயே வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். ஒன்று மறக்கவேண்டாம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மஞ்சள் அம்பு போட்ட பாதை நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு போட்ட பிரிடில்வேயில் (குதிரைப் பாதையில்) 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி சைக்கிளுக்கு உரிமை உண்டு. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் வழிவிடவேண்டும்.

ஒருவேளை உங்கள் மனம் முழுக்க ஹெப்டன் பிரிட்ஜ் மேட்டுப் பாதைகளிலும் பீக் டிஸ்ட்ரிக்ட் பாறைகளிலும்தான் என்றால் என் பதில் மாறும். அப்போதும் டிரெக் மார்லின், ஸ்பெஷலைஸ்ட் ராக்ஹாப்பர், ஜயண்ட் டலான் ஆகியவற்றின் அடிமட்ட மாடல்களில் அதே சுருள்வில் ஃபோர்க்தான் வரும். காற்று ஃபோர்க் உள்ளதைத் தேடுங்கள். உங்கள் எடைக்கு ஏற்ப அழுத்தம் வைக்கலாம். ஹால்ஃபோர்ட்ஸ் விற்கும் வூடூ பிசாங்கோவை அதற்காகத்தான் பலரும் சொல்வார்கள்.

600 பவுண்டையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். மட்கார்டு, விளக்கு, நல்ல பூட்டு, பின் கேரியர் என்று 120 பவுண்டாவது ஒதுக்குங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு சட்டப்படி கட்டாயம். நவம்பரில் நீங்கள் வீடு திரும்பும் நேரமே இருட்டுதான். மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளைகள் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் சைக்கிள் டு வொர்க் திட்டம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் இருந்து தவணை கழிப்பதால், அதே 600 பவுண்டில் ஒரு படி மேலான வண்டி கைக்கு வரலாம். பூட்டும் விளக்கும்கூட அதில் சேரும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஆபீஸ் பையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள். அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒன்றில் மீடியம் என்பது இன்னொன்றில் லார்ஜாக இருக்கும். பக்கத்தில் ஒரு ஏற்றம் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிப் பாருங்கள். ஹேண்டில்பாரின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளைத் தடுக்க இந்தப் பக்கத்துப் பாதைகளில் குறுகலான இரும்புத் தடுப்புகள் வைத்திருப்பார்கள். 740 மி.மீ. கொண்ட மவுண்டன் பைக் ஹேண்டில்பார் அதில் சிக்கிக்கொள்ளும், 640 மி.மீ. ஹைப்ரிடோடு இறங்காமல் போய்விடலாம். வாங்கி ஆறு வாரத்தில் கேபிள்கள் கொஞ்சம் தளரும், கியர் தடுமாறும். அதைச் சரிசெய்யும் முதல் சர்வீஸ் இலவசமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.