பாத்திரம் வைத்ததும் அணையும் டின் அடுப்பு

ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் உங்கள் டின் அடுப்பு பாத்திரம் வைத்ததும் அணைகிறதா? பாத்திரத்தைச் சீக்கிரம் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் அணைகிறது. டின்னின் பக்கத் துளைகள் எல்லாவற்றிலும் சுடர் வரட்டும், அப்புறம் வையுங்கள். கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையின் விடியற்குளிரில் அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

சுமார் 15 டிகிரிக்குக் கீழே ஸ்பிரிட்டிலுள்ள எத்தனால் எளிதில் பற்றும் அளவுக்கு ஆவியாகாது. அதோடு ஜில்லென்ற பாத்திரமும் மேலே உட்கார்ந்தால், டின்னில் ஏறிய கொஞ்சச் சூடும் போய்விடும். ஸ்பிரிட் பாட்டிலை மூடி இறுக்கி, கால் மணி நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்து ஊற்றிப் பாருங்கள். அப்படியும் அணைந்தால் எரிபொருளைப் பாருங்கள். சானிடைசர் ஊற்றினீர்களா? அதில் தண்ணீர் கலந்திருக்கும், சரிவராது.

ஒன்று கவனம்: வெயிலில் இந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நம்பி மறுபடி ஊற்றாதீர்கள், டின் நன்றாக ஆறட்டும். கூடாரத்துக்குள்ளும் சோலைக்காட்டிலும் பற்றவைக்கவே வேண்டாம்.