வெயில் கொளுத்திய ஆண்டின் சிவப்பு ஒயின்களில் ஒப்பிட என்ன இருக்கிறது?

"2003 மாதிரி வெயில் கொளுத்திய ஆண்டின் பிரெஞ்சு சிவப்பு ஒயின்கள் எல்லாமே ஜாம் போலத்தானே இருக்கும், அதில் ஒப்பிட என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. எந்த மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது, எது கைவிட்டது என்பது இப்படிப்பட்ட ஆண்டில் நாக்குக்கே தெரிந்துவிடும்.

2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டியில் வழக்கமாகச் செப்டம்பரில் நடக்கும் அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. சூடு ஏற ஏறத் திராட்சை தன்னிடமுள்ள, புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். பழம் வாடி நீர் வற்றுவதால் சர்க்கரை செறிவாகும், ஒயினில் ஆல்கஹால் கூடும். ஆனால் 35 டிகிரிக்கு மேல் போய், வேருக்கும் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் கொடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். சர்க்கரை போதிய அளவு வந்திருக்கும், தோலிலும் விதையிலும் உள்ள, துவர்ப்பைத் தரும் டானின் மட்டும் பச்சையாகவே நின்றிருக்கும்.

அதனால் முதல் மடக்கை நம்பாதீர்கள். அத்திப்பழம், உலர்திராட்சை, சாக்லேட் என்று எல்லா ஒயினும் அந்த நேரத்தில் மயக்கும். விழுங்கியபின் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கன்னத்தின் உட்புறம் நீர் சுரந்தால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. ஈறு வறண்டு நாக்கு சொரசொரத்தால் பழுக்காத டானின். தொண்டையில் சூடு மட்டும் மிஞ்சினால் ஆல்கஹாலைத் தாங்கும் உடம்பு அந்த ஒயினுக்கு இல்லை.

ஒப்பிட எனக்குப் பிடித்த ஜோடி பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவிலேயே இருக்கிறது: ஒரு சாந்த் எஸ்தெஃப், ஒரு பொமரோல். இரண்டும் அங்குள்ள ஊர்களின் பெயரில் வரும் ஒயின்கள். சாந்த் எஸ்தெஃபில் அடிமண்ணில் களி அதிகம், ஈரம் நிற்கும். தாமதமாகப் பழுக்கும் கேபர்நே சோவின்யோன் திராட்சையும் கணிசமாக உண்டு. அங்குள்ள ஷாத்தோ மோன்ரோஸ் என்ற ஒயின் பண்ணை அந்த ஆண்டில் பெயர் வாங்கியது சும்மா இல்லை. பொமரோலிலோ சீக்கிரம் பழுக்கும் மெர்லோ திராட்சைதான் பிரதானம். சரளை மண்ணில் நின்ற கொடிகள் நன்றாகவே அடிவாங்கின. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விளக்கமே வேண்டாம். பர்கண்டியின் சிவப்பு ஒயின் திராட்சையான பினோ நுவாரையும் சேர்க்கலாம், ஆனால் 2003இல் பல பாட்டில்கள் தெற்கே வெயில் மிகுந்த ரோன் பகுதியின் ஒயின் போலவே இருக்கும்.

நிபுணர்களே இந்த ஆண்டில் ஒத்துப்போகவில்லை. போர்தோவின் சாந்த் எமிலியோனில் உள்ள ஷாத்தோ பாவி பண்ணையின் 2003 ஒயினை 2004இல் சுவைத்த அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் வானளாவப் புகழ்ந்தார். பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 மதிப்பெண்தான் கொடுத்தார். ஒயினில் எதைத் தேடுகிறோம் என்பதில்தான் இருவரும் வேறுபட்டார்கள். நான் ராபின்சன் பக்கம்: புத்துணர்ச்சி இல்லாத செறிவு எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

லேபிளை மறைத்துச் சுவையுங்கள். 16 டிகிரி அளவில் ஊற்றுங்கள். அதற்கு மேல் சூடானால் ஆல்கஹால் வாசனையே மூக்கை அடைத்து எல்லாக் கிண்ணமும் ஒன்று போலத் தோன்றும். எல்லாவற்றிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் குடித்துப் பாருங்கள். தாக்குப்பிடிக்காதவை அதற்குள் உலர்திராட்சை வாசனையோடு தட்டையாகிவிடும்.