கூட்டுக்குடும்பத்துக்கு எத்தனை ஹவுஸ்ஹோல்ட்?

வணக்கம் ஐயா,

வங்கி மென்பொருள்கள் பற்றி நீங்கள் எழுதிவரும் தொடரை விடாமல் படிக்கிறேன். ஈரோட்டில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதலில் கவுண்டர், பிறகு டெபாசிட் பிரிவு. இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். சென்னையில் மென்பொருள் துறையில் இருக்கும் என் தம்பி சொல்லி, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளின் நிர்வாகித் தேர்வை எழுதித் தேறினேன். அந்தத் துணிச்சலில், நிதித் துறைக்கான அவர்களுடைய தனிப் பதிப்பான ஃபைனான்சியல் சர்வீசஸ் கிளவுட் தேர்வையும் எழுதினேன். தேறவில்லை. பேங்க்கில் இருந்தவளுக்கே பேங்க் பரீட்சை வரவில்லை என்று வீட்டில் கேலி வேறு.

தம்பியின் நண்பர் ஒருவர், "இதிலிருந்துதான் வரும்" என்று 200 கேள்வி பதில்கள் கொண்ட ஒரு பி.டி.எஃப் அனுப்பியிருக்கிறார். அதை உருப்போட்டு எழுதிவிடலாமா? ஹவுஸ்ஹோல்ட், பிரைமரி குரூப், ரோல்-அப் என்று வரும் பகுதி எத்தனை முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. இன்னொன்று: 38 வயதில், 7 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, இந்தச் சான்றிதழைப் பார்த்து யாராவது வேலை தருவார்களா? பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி எழுதலாம் என்றிருக்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈரோடு

* * *

அன்புள்ள சகோதரி,

பி.டி.எஃப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அழித்துவிடுங்கள். தேர்வு எழுத உட்காரும்போது நீங்கள் சம்மதம் தெரிவிக்கும் ஒப்பந்தம் இதைத் தடை செய்கிறது. பிடிபட்டால், ஏற்கெனவே பாடுபட்டு வாங்கிய நிர்வாகிச் சான்றிதழுக்கும் ஆபத்து. அறத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் நஷ்டம்தான். அந்த மென்பொருள் ஆண்டுக்கு மூன்று முறை புதுப்பிக்கப்படுகிறது. கைமாறிக் கைமாறி வரும் தொகுப்பில் எந்த விடை எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது.

இதை எந்த முகத்தோடு சொல்கிறேன் என்றால், முதல் முறை நிர்வாகித் தேர்வுக்கு நானும் அப்படித்தான் போனேன். 60 கேள்வி, 105 நிமிடம், தேற 65 சதவீதம். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் திரையில் வந்த குஷியில் கேள்வியை முழுதாகப் படிக்காமலே விடைகளைக் குறித்துக்கொண்டு போனேன். கேள்விக்குக் கேள்வி ஒரு சொல் மாறியிருந்தது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. 200 டாலர் போயிற்று. மறுதேர்வுக்கு இன்னொரு 100. அந்த மாதம் வீட்டில் நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

இனி ஹவுஸ்ஹோல்ட். நீங்கள் வங்கியில் இருந்தும் தோற்றீர்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள் அல்லவா? வங்கியில் இருந்ததால்தான் தோற்றீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 9 ஆண்டுகளாக உங்களுக்கு 'அக்கவுண்ட்' என்றால் பாஸ்புக்கில் இருக்கும் கணக்கு. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இல் தொடங்கியபோது அது விற்பனையாளர்களுக்கான மென்பொருள். விற்பனையாளருக்கு 'அக்கவுண்ட்' என்றால் தான் சரக்கு விற்கும் நிறுவனம். 2016இல் நிதித் துறைக்கென்று தனிப் பதிப்பு கொண்டுவந்தபோதும் அந்த அடித்தளம் அப்படியே இருந்தது. ஆகவே அங்கே வாடிக்கையாளரும் ஒரு அக்கவுண்ட், அவருக்குப் பெயர் பெர்சன் அக்கவுண்ட். அவருடைய குடும்பமும் ஒரு அக்கவுண்ட், அதுதான் ஹவுஸ்ஹோல்ட். நீங்கள் அக்கவுண்ட் என்று நினைக்கும் சேமிப்புக் கணக்குக்கோ ஃபைனான்சியல் அக்கவுண்ட் என்று வேறு பெயர். ஒரே கேள்வியில் மூன்றும் வந்தால், டெபாசிட் பிரிவில் இருந்தவர் தடுமாறாமல் என்ன செய்வார்? இதற்கு நான் கண்ட மருந்து எளியது. நோட்டுப் புத்தகத்தில் அக்கவுண்ட் என்ற சொல்லையே எழுதாதீர்கள். ஆள், குடும்பம், பாஸ்புக் என்று எழுதுங்கள். கேள்வியைப் படிக்கும்போதும் மனதுக்குள் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றிக்கொண்டால் விதி இரண்டு வரிதான். ஓர் ஆள் பல குடும்பங்களில் உறுப்பினராக இருக்கலாம், ஆனால் ஒன்றுதான் அவருடைய பிரைமரி குரூப், அதாவது முதன்மைக் குடும்பம். பாஸ்புக்கின் முதன்மை உரிமையாளருக்கு எது பிரைமரி குரூப்போ, அந்தக் குடும்பத்தின் மொத்தத்தில்தான் பணம் போய்ச் சேரும்; இப்படிச் சேர்வதுதான் ரோல்-அப். கூட்டுக் கணக்கில் இரண்டாவது பெயராக இருப்பவர் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவரானால், அந்தக் குடும்பத்தின் மொத்தத்தில் அது சேராது.

இந்த இரண்டு வரியை நான் பாடத்தில் கற்கவில்லை, ஒரு குடும்பச் சண்டையில் கற்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கொங்கு நாட்டில் ஒரு நிதி நிறுவனத்துக்கு இந்த மென்பொருளை நிறுவிக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர், மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். முகவரி ஒன்றாக இருந்ததால் அவரையும் மூத்தவரின் ஹவுஸ்ஹோல்டில் போட்டு, அதையே பிரைமரியாகவும் வைத்துவிட்டோம். அவருடைய டெபாசிட்டுகளில் முதல் பெயர் அவர், இரண்டாவது பெயர் இளைய மகன். 'இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற வகை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்தது. முதன்மை உரிமையாளர் அப்பா, அப்பாவின் பிரைமரி மூத்தவர் வீடு, ஆகவே பணம் முழுவதும் மூத்தவர் வீட்டின் மொத்தத்தில் வந்து உட்கார்ந்தது. வாடிக்கையாளர் உறவு மேலாளர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூத்தவருக்கே போன் செய்து, "உங்கள் குடும்பத்தில் இவ்வளவு டெபாசிட் இருக்கிறதே, கொஞ்சத்தை வேறு திட்டத்துக்கு மாற்றலாமா?" என்று கேட்டுவிட்டார். அப்படியொரு டெபாசிட் இருப்பதே மூத்தவருக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் காலை அப்பாவும் இரண்டு மகன்களும் கிளையில் நின்றார்கள். பெரியவருக்குத் தனி ஹவுஸ்ஹோல்ட் ஏற்படுத்தி அதை பிரைமரியாக்கி, மூத்தவர் வீட்டில் அவரை வெறும் உறுப்பினராக வைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பெரியவர் அதன் பிறகு அந்த வீட்டில் எப்படி இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

அமெரிக்காவில் செல்வ மேலாண்மை ஆலோசகர்களை மனதில் வைத்துத் தொடங்கியது இந்தப் பதிப்பு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்ற வீட்டுக்கு ஹவுஸ்ஹோல்ட் சட்டை போல் பொருந்தும். நம் வீட்டுக்குப் பிடித்துத் தைக்க வேண்டும். (இந்துக் கூட்டுக்குடும்பம் என்று வருமான வரிக்காகத் தனி பான் எண் வாங்கி, கர்த்தா கையெழுத்துப் போடும் அமைப்பை ஹவுஸ்ஹோல்டாகப் பதியலாமா என்று யாராவது கேட்டால், நான் கூடாது என்பேன். அதற்குப் பெயரில்தான் குடும்பம்; நடைமுறையில் ஒரு நிறுவனம் போல. தேர்வில் இது வராது, வேலையில் வரும்.)

ஆகவே படிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டத் தொடங்குங்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் பயிற்சித் தளமான டிரெயில்ஹெட்டில் பாடங்களும் இலவசம், இந்தப் பதிப்பைப் பழகிப்பார்க்கும் இடமும் இலவசம். அந்தப் பழகும் இடம் சில வாரங்களில் காலாவதியாகிவிடும் என்பதால் நேரம் ஒதுக்க முடிகிற மாதத்தில் வாங்குங்கள். உங்கள் புகுந்த வீட்டை அதில் கட்டுங்கள். மாமனார், மாமியார், கொழுந்தனார், நாத்தனார், வெளியூரில் படிக்கும் பிள்ளை. பெயர்களை மாற்றிவிடுங்கள், பழைய வாடிக்கையாளர் யாருடைய விவரத்தையும் தவறியும் போடாதீர்கள். பிறகு கலைத்துப் பாருங்கள். நாத்தனாருக்குத் திருமணமாகிறது, பிரைமரி மாறுகிறது. எந்த மொத்தம் குறைகிறது, எது ஏறுகிறது? முதலில் காகிதத்தில் ஊகித்து எழுதிவிட்டுத் திரையைப் பாருங்கள். நான்கு முறை ஊகம் பொய்த்தால் ஐந்தாவது முறை மறக்காது.

இன்னோர் இடத்திலும் உங்கள் அனுபவம் காலை வாரும். ஒரு பாஸ்புக்கில் யாருக்கு என்ன பங்கு என்று குறிக்கும் ஃபைனான்சியல் அக்கவுண்ட் ரோல் என்ற பகுதியில் 'பெனிஃபிஷியரி' என்று வரும்போது நீங்கள் நாமினி என்று படிப்பீர்கள். நம் வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே. பணம் சட்டப்படியான வாரிசுகளுடையது. பெனிஃபிஷியரி என்றால் பணம் யாருக்கோ அவரே. தேர்வில் அவர்கள் பொருளில் விடை சொல்லுங்கள். வேலைக்குப் போன பிறகு, நாமினி என்று தனியாக ஒரு ரோல் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை வைக்கலாம் என்றாகிவிட்டதால் இப்போது இது சின்ன விஷயமும் இல்லை.

ஆக்‌ஷன் பிளான் பகுதி உங்களுக்கு வெல்லம். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை வார்ப்புருவாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஓட்டுவது, அவ்வளவுதான். கே.ஒய்.சி. புதுப்பித்தலை வைத்துப் பழகுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதிக அபாயப் பிரிவினருக்கு 2 ஆண்டு, நடுத்தரத்துக்கு 8, குறைந்த அபாயத்துக்கு 10. கடிதம் அனுப்புவது, ஆவணம் வாங்குவது, சரிபார்ப்பது என்று நாள் கணக்கோடு ஒரு வார்ப்புரு செய்து பாருங்கள். வெளியிட்ட வார்ப்புருவைத் திருத்த முடியாது, நகலெடுத்துத்தான் மாற்ற வேண்டும் என்பது செய்து பார்த்தால்தான் நினைவில் நிற்கும்.

யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் கம்ப்ளையன்ட் டேட்டா ஷேரிங் பலரையும் மிரட்டுகிறது. வழக்கமாக மேலாளர், தனக்குக் கீழே இருப்பவரின் பதிவுகளைத் தாமாகவே பார்க்க முடியும். இங்கே அப்படி முடியாது; யார் எந்தப் பொறுப்பில் பங்கேற்கிறார் என்று பதிவுக்குப் பதிவு சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கப் போகும் செய்தி, வங்கியின் பங்கு ஆலோசகர் காதில் விழக் கூடாதல்லவா? அதற்கான சுவர் இது. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி அமைப்பு விவரம்தான்.

வேலை பற்றி. சான்றிதழைப் பார்த்து மட்டும் யாரும் தர மாட்டார்கள். விண்ணப்பக் குவியலில் உங்கள் தாளைத் தனியே எடுத்து வைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. நிர்வாகி வேலைக்குப் போட்டியிடாதீர்கள், அங்கே 23 வயதுப் பிள்ளைகள் உங்களைவிட வேகமாகக் கட்டுவார்கள். வங்கித் திட்டங்களில் வணிகப் பகுப்பாய்வு (வங்கிக்கு என்ன தேவை என்று எடுத்துச் சொல்வது), ஏற்புச் சோதனை (செய்த மென்பொருள் அதன்படி இருக்கிறதா என்று பார்ப்பது) ஆகிய இரண்டையும் குறிவையுங்கள். வாடிக்கையாளர் இறந்த பிறகு கூட்டு டெபாசிட் என்ன ஆகிறது என்று தெரியாத குழுக்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். நேர்காணலில் இடைவெளி பற்றிக் கேட்டால் குழந்தைகளை வளர்த்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கவுண்டரில் நீங்கள் கண்ட மிகச் சிக்கலான கூட்டுக் கணக்கை எடுத்து, அதை இந்த மென்பொருளில் எப்படிப் பதிவீர்கள் என்று சொல்லுங்கள்.

அரையாண்டு விடுமுறை வரை காத்திருக்காதீர்கள். விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், உங்களால் ஒரு மணி நேரம் கூடச் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. பள்ளி நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேர்வு மையத்துக்கே போய் எழுதுங்கள்.

அன்புடன்.