பங்குச்சந்தைப் படங்களில் காதல் எதற்கு?

கேள்வி: பங்குச்சந்தையை மையமாகக் கொண்ட படங்களில், விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருக்கும் வணிகக் காட்சிகளுக்கு நடுவே காதல் நுழைந்துவிட்டால் படம் படுத்துவிடுகிறது. பணத்தைப் பற்றிய கதைக்குக் காதல் தேவையே இல்லை என்பது என் கருத்து. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது, அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு காதல் காட்சியில் படம் தொய்ந்து போகிறதென்றால், அந்தக் காதல் கதையோடு ஒட்டாமல் எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். குறை சொல்ல வேண்டியது அப்படி எழுதியவரைத்தான். அதற்காகப் பணமும் காதலும் ஒரே கதையில் சேரவே கூடாது என்று விதி வகுத்துவிட முடியாது.

நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வகைக்கு, 1987-இல் வெளிவந்த ஆலிவர் ஸ்டோனின் 'வால் ஸ்ட்ரீட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். இளம் தரகனான பட் ஃபாக்ஸ், விமான நிறுவனமொன்றில் பணியாற்றும் தன் தந்தை பேச்சுவாக்கில் சொன்ன செய்தியை, அது வெளியில் தெரிவதற்கு முன்பே கோர்டன் கெக்கோ என்ற பெரும் பணக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். வெளியாகாத உள்செய்தியை வைத்துப் பங்குகளை வாங்கி விற்கும் இன்சைடர் டிரேடிங் என்ற குற்றத்தை இதைவிடத் தெளிவாகத் திரையில் விளக்குவது கடினம். ஏனெனில் சட்டம் மீறப்படும் அதே நொடியில் ஒரு மகன் தன் அப்பாவின் நம்பிக்கையையும் சேர்த்தே விற்றுவிடுகிறான். அந்த இருவராக நடித்த மார்ட்டின் ஷீனும் சார்லி ஷீனும் உண்மையிலேயே தந்தையும் மகனும் என்பதால், அவர்கள் மோதிக்கொள்ளும் காட்சிகளின் கனம் இன்னும் கூடுகிறது. ஆனால் டேரியன் என்ற காதலிக்கு இந்தக் கதையில் செய்வதற்கு எதுவும் இல்லை. வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தருபவள், ஒரு காலத்தில் கெக்கோவோடு பழகியவள். பட்டுக்குப் புது வீடு வந்தது போலவே அவளும் வந்து சேர்கிறாள், அவன் கெக்கோவை எதிர்க்கத் துணிந்ததும் விலகிப் போகிறாள். கெக்கோவாக நடித்த மைக்கேல் டக்ளஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. டேரியனாக நடித்த டாரில் ஹன்னாவுக்கோ மிக மோசமான துணை நடிகை என்று ராஸி விருது கொடுத்தார்கள். அந்த நடிகையின் மீது பழி போட்டது அநியாயம் என்றே நினைக்கிறேன். எழுதப்படாத பாத்திரத்தை யார்தான் நடித்துவிட முடியும்?

சந்தையும் காதலும் ஒரே கேள்வியில்தான் நிற்கின்றன: எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியுமா, தெரியாதபோதும் நான் நம்பலாமா? இதை உணர்ந்து எழுதினால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. குளோயி டோமான்ட் இயக்கி 2023-இல் வந்த 'ஃபேர் ப்ளே' அப்படி எழுதப்பட்ட படம். பெரும் பணக்காரர்களின் பணத்தைத் திரட்டிச் சந்தையில் முதலீடு செய்யும் ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனத்தில் பகுப்பாய்வாளர்களாக வேலை பார்க்கும் இருவர், அலுவலக விதிக்குப் பயந்து தங்கள் உறவை மறைத்துக்கொண்டே திருமணத்துக்கு நிச்சயம் செய்துகொள்கிறார்கள். அவன் எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு அவளுக்குக் கிடைக்கிறது; அவன் அவளுக்குக் கீழே வேலை செய்ய வேண்டியதாகிறது. அதன் பிறகு அவன் பரிந்துரைக்கும் ஒவ்வொரு பங்கும் அவளுக்கு இருமுனைக் கத்தியாகிவிடுகிறது. ஏற்றால் நிறுவனத்தின் பணம் போகலாம், மறுத்தால் வீட்டில் நிம்மதி போய்விடும். இந்தப் படத்தில் வணிகக் காட்சி எங்கே முடிகிறது, காதல் காட்சி எங்கே தொடங்குகிறது என்று உங்களால் கோடு போட்டுக் காட்ட முடியாது.

ஆனாலும் என் பார்வையில் இந்த வகையின் உச்சம் 1962-இலேயே தொடப்பட்டுவிட்டது. அன்டோனியோனியின் 'லெக்லிஸ்ஸே' என்ற இத்தாலியப் படத்தைச் சொல்கிறேன். பங்குகளில் மூழ்கிக் கிடக்கும் தாயைத் தேடி ரோம் பங்குச்சந்தைக்கு வரும் விட்டோரியா, அங்கே பியேரோ என்ற துடிப்பான தரகனைச் சந்திக்கிறாள். இறந்துபோன தரகர் ஒருவருக்காக அன்று சந்தையில் ஒரு நிமிட மௌன அஞ்சலி. கூச்சலிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள். எடுக்க ஆளில்லாமல் தொலைபேசிகள் மட்டும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. இங்கே ஒரு நிமிடத்தின் விலை என்ன தெரியுமா என்ற பொருளில் பியேரோ அவள் காதருகே முணுமுணுக்கிறான். நிமிடம் முடிந்ததும் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்குகிறார்கள். அவன் யார், அவனை நேசிக்கப்போகிறவளுக்கு என்ன காத்திருக்கிறது என்ற இரண்டும் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகின்றன.

பின்னால் ஒரு பெரும் சரிவு வருகிறது. ஏராளமான பணத்தை இழந்த பருத்த மனிதர் ஒருவரை விட்டோரியா பின்தொடர்ந்து போகிறாள். அவர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, காகிதத் துண்டொன்றில் பூக்களை வரைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறார். நட்டம் என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை, அதுவும் கதாநாயகியின் கண் வழியாக. படத்தின் இறுதிப் பகுதியில், காதலர்கள் தனித்திருப்பதற்காகப் பியேரோ தன் அலுவலகத் தொலைபேசிகளின் ரிசீவர்களை எடுத்துக் கீழே வைத்திருக்கிறான். அவள் கிளம்பியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கிறான், உடனே அவை ஒலிக்கத் தொடங்குகின்றன. அன்று மாலை வழக்கமான இடத்தில் சந்திப்பதாகப் பேசிக்கொண்ட இருவருமே அங்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்று படம் வாய்திறந்து சொல்லாததற்குக் காரணம், சந்தைக் காட்சிகளைக் கவனித்துப் பார்த்தவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்பதுதான்.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் எந்தக் காதல் காட்சியை நீக்கினால் கதைக்குச் சேதமில்லை என்று எழுதியனுப்புங்கள். உங்கள் கடிதத்தை முழுமையாக வெளியிடுகிறேன்.