எட்டு மாதத்தில் பிரேக் பேட் தேய்ந்தால் செலவு யாருடையது?

கேள்வி: கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, 11,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். எப்போதாவது ஏலகிரி. முன்சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, அது வாரண்டியில் வராது, நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்கிறது சர்வீஸ் சென்டர். பணம் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: பேட் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அது ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்பதை அவர்கள் பார்த்தார்களா? பேட்டை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் தேய்மானப் பொருள் அல்ல. கோளாறு அங்கே இருந்தால் பேச்சே வேறு.

முன்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து நான்கு பேட். நான்கின் கனத்தையும் தனித்தனியாக அளந்து ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைக் குறிப்புத் தாள்) எழுதச் சொல்லுங்கள். புதிய பேட் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் ஓட்டும் பழக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் பாதிச் சுமையை இன்ஜினே தாங்கிவிடும்.

ஒரு பேட் மட்டும் தேய்ந்திருந்தால் கதை வேறு. குடியாத்தத்தில் என் மைத்துனர் காரில் இப்படித்தான் ஆனது. கழற்றி மேசையில் வைத்தபோது வெளிப்பக்க பேட் விரல் கனத்துக்கு இருந்தது, உள்பக்கத்தில் இரும்புத் தகடே தெரிந்தது. காலிப்பர் நகரவேண்டிய ஸ்லைடு பின், கிரீஸ் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதற்கு ஓட்டுகிறவர் என்ன செய்வார்? வாரண்டி காலத்துக்குள் இப்படி இருந்தால், பின் சரிசெய்வதோடு பேட்டையும் அவர்கள் செலவில் மாற்றித்தரக் கேளுங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டபடி ஓட்டியிருப்பீர்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்.

இன்னொன்று, பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் வழக்காடிக்கொண்டே வண்டியை ஓட்டாதீர்கள். முதலில் மாற்றுங்கள். பில்லில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய பேட்களை ஒரு கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், அவைதான் உங்கள் சாட்சி. பலர் இதை விட்டுவிட்டு அப்புறம் தவிக்கிறார்கள்.

அடுத்து, கார் நிறுவனத்துக்கு அளவுகள், படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதனால் ஜாப் கார்டில் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.