விஷுவல் பேசிக்கில் ஃபார்ம் வரைய வருகிறது, நிரல் எழுத வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

விஷுவல் பேசிக் நிரல்மொழியில் பட்டனும் டெக்ஸ்ட்பாக்ஸும் (எழுதும் பெட்டி) ஃபார்மில் (திரைப் படிவம்) வைத்துவிடுகிறேன், அதற்குமேல் கை ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே இடத்தில் பல மாதம் நின்றிருக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறைக்கு ஒரு கணக்கு ஃபார்ம் செய்துகொடுத்தபோதுதான் எனக்கு வழி பிடிபட்டது. அதை வைத்தே சொல்கிறேன்.

பட்டறைக் கணக்கு இதுதான்: தொழிலாளியிடம் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடியும் எடை. குறைந்த எடைதான் சேதாரம். வந்த எடைக்குக் கூலி. மாமா நீள நோட்டில் கோடு போட்டு, தேதி, பெயர், கொடுத்த எடை, வந்த எடை, சேதாரம், கூலி என்று எழுதிவந்தார்.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எடைப் பெட்டிகளை வலப்பக்கம் ஒதுக்கி, பெயரை நடுவில் வைத்தேன். மாமா வந்து உட்கார்ந்தார். இடது கையில் கொலுசு, வலது கை கீபோர்டில், கண் தராசின் எண்ணில். பெயரை அடித்தார், டேப் தட்டினார், எடையை அடித்தார். நிமிர்ந்து பார்த்தால் எடை தேதிப் பெட்டியில் விழுந்திருந்தது. "நோட்டில் இருக்கிற வரிசையே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார்.

பெட்டி, பட்டன் போன்ற கன்ட்ரோல்களை நீங்கள் எந்த வரிசையில் ஃபார்மில் வைத்தீர்களோ அதே வரிசையில்தான் டேப் நகரும். எது மேலே, எது கீழே என்பதை அது பார்ப்பதில்லை. அதை மாற்ற டேப்இன்டெக்ஸ் என்ற பண்பு இருக்கிறது. 0 முதல் எண் கொடுத்துக்கொண்டே போகலாம். அதனால் மவுஸைத் தொடுவதற்கு முன் தாளையும் பேனாவையும் எடுங்கள். அந்த வேலையைச் செய்கிறவர் எதை முதலில் பார்க்கிறார், எதை அடுத்து எழுதுகிறார் என்று வரிசைப்படுத்துங்கள். நிரலில் பாதி அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

அடுத்தது பெயர். டெக்ஸ்ட்1, டெக்ஸ்ட்2, கமாண்ட்1 என்று மென்பொருள் தானாக வைக்கும் பெயர்களோடு எழுத உட்கார்ந்தால் எது கொடுத்த எடை, எது வந்த எடை என்று பத்தாவது வரியில் குழம்பிவிடும். உங்கள் கை நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெயரை நிரல் எழுதுவதற்கு முன்பே மாற்றுங்கள். விஷுவல் பேசிக்கின் பழைய பதிப்பான 6இல், கிளிக் நிகழ்வுக்கு (பட்டனை அழுத்தும்போது நடக்க வேண்டியதற்கு) நிரல் எழுதிவிட்டுப் பிறகு பட்டனின் பெயரை மாற்றினால், எழுதிய நிரல் பழைய பெயரிலேயே தங்கிவிடும். பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்காது; பிழைச் செய்தியும் வராது.

நம்மைப் போல் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 'கூலி'யை ஓரிடத்தில் இரண்டு ஓ போட்டும் வேறிடத்தில் ஒரு யூ போட்டும் எழுதிவிடுவோம். 6ஆம் பதிப்பு அதை இன்னொரு மாறி (மதிப்பை வைக்கும் பெயர்) என்று எண்ணிக் காலியாக உருவாக்கிக்கொள்ளும், கூலி சுழியமாக வரும். ஒவ்வொரு ஃபார்மின் நிரலிலும் முதல் வரியாக ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் என்று எழுதிவிடுங்கள். அறிவிக்காத பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லும்.

இனி எண்கள். டெக்ஸ்ட்பாக்ஸில் இருப்பது எண்ணாகத் தெரிந்தாலும் அது எழுத்துச் சரம். 120, 85 என்ற இரண்டு பெட்டிகளைக் கூட்டல் குறியால் சேர்த்தால் 205 வராது, 12085 வரும். இதற்காக எழுத்தை எண்ணாக மாற்றும் வால் (Val) என்ற செயல்கூற்றைப் பயன்படுத்தச் சொல்வார்கள், நானும் பயன்படுத்தினேன். மாமா வழக்கம்போல் காற்புள்ளியோடு கொடுத்த எடை 1,250 என்றும் வந்த எடை 1,238 என்றும் அடித்தார். சேதாரம் 0 என்று வந்தது. சேதாரமே இல்லாமல் கொலுசு வருமா என்று அவர் உடனே நோட்டைத் திறந்தார். 12 கிராம் வரவேண்டிய இடம். எண் அல்லாத எழுத்து வந்த இடத்திலேயே வால் படிப்பதை நிறுத்திவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு எடையும் 1 ஆகி, ஒன்றில் ஒன்று போய்விட்டது. முதலில் எண்தானா என்று இஸ்நியூமெரிக் வைத்துச் சோதித்துவிட்டு சிடபுள் கொண்டு எண்ணாக மாற்றினேன், சரியானது. விஷுவல் பேசிக்கின் புதிய வடிவமான டாட்நெட்டில் எழுதுகிறீர்கள் என்றால் தசம எண்ணுக்கான டெசிமல் வகையின் டிரைபார்ஸ் இன்னும் நல்லது. மாற்ற முடிந்ததா இல்லையா என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

மாதக் கடைசியில் இன்னொரு இடி. மொத்த கிராமை முழு எண்ணுக்கான இன்டிஜர் மாறியில் சேர்த்திருந்தேன். 6ஆம் பதிப்பில் அதன் உச்சம் 32,767. முப்பத்திரண்டே முக்கால் கிலோ வெள்ளியைத் தாண்டியதும் ஓவர்ஃப்ளோ (எண் கொள்ளவில்லை) என்று நின்றது. எடைக்கும் பணத்துக்கும் அந்தப் பதிப்பில் கரன்சி என்ற மாறி வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு தசம இடம் வரை துல்லியமாக வைத்துக்கொள்ளும்.

6ஆம் பதிப்பு 1998இல் வந்தது. அதில் நிரல் எழுதும் மென்பொருளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008இல் நிறுத்திவிட்டது. கல்லூரிப் பாடத்துக்காக என்றால் அதிலேயே படியுங்கள். சொந்த ஆர்வம் என்றால் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியை நிறுவி, அதிலுள்ள விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற வகையில் தொடங்குங்கள். ஃபார்ம், கன்ட்ரோல், நிகழ்வு என்ற அடிப்படை அங்கேயும் இதுதான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது நோட்டில் எழுதும் கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: பால் கணக்கு, தறிக் கூலி, சீட்டு, எதுவானாலும் சரி. மூன்று பெட்டி, ஒரு பட்டன், விடை காட்ட ஒரு லேபிள் போதும். அது எந்தக் கணக்கு என்று இங்கே எழுதினால், பெட்டிகளுக்குப் பெயர் வைப்பதிலிருந்து சேர்ந்தே பார்க்கலாம்.